டயருக்குப் போர்த்திய கம்பளி

என் வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, நீங்கள் ஓட்டும் ரேஸைப் பார்க்கத் தியத்தலாவைக்கு வரும் உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரே ஓட்டத்தில் தேய்ந்துபோகும் டயருக்கு இந்த வருஷம் இரண்டு மடங்கு விலை என்றீர்கள். பசுவை விற்றோம். டயரைச் சூடாக்கும் மெஷினுக்கு வழியில்லை என்று வீட்டுக் கம்பளிகளையெல்லாம் டயரில் சுற்றி எடுத்துப்போனீர்கள். நீங்கள் போனதிலிருந்து நம்மூர் நமுனுகுலையில் மழை விடவேயில்லை.

"ஏம்மா, டயருக்கு ரொம்பக் குளிருமா?" என்று மகள் கேட்டாள்.

"குளிர்ந்தா வழுக்கும்டி, அப்பாவுக்கு அடிபட்டுரும்."

"அப்ப என் கம்பளி அங்கயே இருக்கட்டும்."

ரேஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டாம், பூட்டியிருக்கிறது. அவளுடைய சின்னக் கம்பளியை எடுத்துக்கொண்டு நேரே பதுளை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காய்ச்சல் பெரிதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா