நூற்றைம்பது வார்த்தைக்குள்

இராஜபாளையம்
12.9.92

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மூன்று நாளாக எழுதுகிறேன், ஆனால் முழுக்க நானே எழுதியது. இப்போது பஸ் போர்டையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்கிறேன், கண்டக்டர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

எனக்கு நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. நான் படிக்கிற அறிவொளி மையத்தில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குக் கதைப்போட்டி வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வார்த்தை, ஒன்று கூடினாலும் எடுக்க மாட்டார்கள். முப்பதாம் தேதிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுக்க வேண்டும். நான் எழுதியது உன் கதை. நீ எட்டாவது படித்தபோது வாத்தியார் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினாரே, அதுதான். கதை எழுதியதில் நீ முதலாவது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போட்டிக்கு அனுப்புங்கள் என்று நீயே வாசித்துச் சொன்னாய். அதற்கு முந்தின மாதம்தான் கணக்கில் பெயிலானதைப் பாஸ் என்று வாசித்து என்னிடம் கைநாட்டு வாங்கியிருந்தாய். இதுவும் பொய் என்று இரண்டு அடி வைத்து, சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னபோது போட்டி முடிந்துவிட்டது.

கதை இருநூற்றுப் பதினான்கு வார்த்தை வந்தது. பாடம் சொல்லித்தரும் நூர்னிசா படித்துவிட்டு, தாத்தா, அந்த அடிச்ச எடத்த எடுத்துருங்க, அளவுக்கும் வந்துரும், அழகாவும் இருக்கும் என்றாள். உன் அம்மா அதற்கு மேல். ஊரக் கூட்டி வச்சு எம் மகள அடிச்சேன்னு வாசிக்கப் போறீராக்கும், கிறுக்கா பிடிச்சிருக்கு உமக்கு என்கிறாள். நான் வார்த்தைக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து எண்ணினால், பாதியில் வந்து விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறாள், மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.

அடித்த இடத்தை எடுத்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாத அப்பன் பாவம் என்று ஆகிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று வேறு இடத்தில் வெட்டினேன். அன்றைக்கு மில்லில் இரண்டு ஷிப்டு பார்த்தது, மேஸ்திரி ஏசியது, கால் வீங்கியிருந்தது என்று நிறைய எழுதியிருந்தேன். அதெல்லாம் போனதும் நூற்று நாற்பத்தொன்பது. அடி அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது, உன் பெயரை எழுதினேன்.

ஜெயித்தால் மேடையில் வாசிப்பார்களாம். அதனால் உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். சரியோ வேண்டாமோ, உடனே ஒரு கார்டு போடு. வேண்டாம் என்றால் வருத்தமில்லை, பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் கார்டு போடு, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

பேத்திக்கு மழை முடியும்வரை வெந்நீர் கொடு. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் எதைக் கொண்டுவந்தாலும் முழுசாக வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படு. மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். முப்பதாம் தேதியை மறக்காதே.

நான் உன்னிடம் சொல்ல வேண்டியது அந்த நூற்றைம்பதில் அடங்கவில்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன், கடிதத்துக்கு யாரும் அளவு வைக்கவில்லை.

இப்படிக்கு உன் அப்பா
ஐயாதுரை