அடுப்போரம் வைத்த பேட்டரி

கரடியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரஞ்சனிக் கண்ணுக்கு,

நானும் அப்பாவும் இன்றைக்கு நலம். போன செவ்வாய்க்கிழமை என்றால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு சில்வர் ஓக் மரம் விழுந்து கம்பி அறுந்தது. காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் பொழுது சாய்ந்துதான் வந்தது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. கூரையில் சோலார் இருக்கிறதே என்று முதலில் தைரியமாக இருந்தேன். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடுமாம். மாட்டும்போதே சொன்னார்களாம், எனக்குக் காதில் ஏறவில்லை. சிலிண்டர் ஒன்று இருந்தது. அதன் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன் தன் வீட்டு இன்வெர்ட்டரையும் ஆசிட் பேட்டரியையும் ஜீப்பில் கொண்டுவந்து மாட்டினார். அதனால் அப்பா இருக்கிறார்.

இனி என் தப்பு. மூடுபனிக் காலத்தில் உப்பு, தீப்பெட்டி, விதைக் கொட்டை எல்லாம் அடுப்போரம்தானே வைப்போம். ஈரம் ஏறக்கூடாது என்று அங்கப்பன் விட்டுப்போன பேட்டரியையும் அங்கேயே வைத்து, சாக்குப் போர்த்தி, சார்ஜ் போட்டேன். இரண்டு நாள். நம் சோலாருக்குப் புதுப் பேட்டரி மாட்ட வியாழக்கிழமை அளவெடுக்க வந்த சோலார்க்காரர் பாலகுமார் உள்ளே நுழைந்ததும் பிளக்கைப் பிடுங்கினார், ஜன்னலைத் திறந்தார், அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வாயு வருமாம். நெருப்புப் பட்டால் வெடிக்குமாம். ஏனுங்க அக்கா, இது என்ன காப்பிக் கொட்டையா, அடுப்போரம் வெச்சுக் காய வெக்கறதுக்கு என்று கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு ரகம் சொன்னார். ஆசிட் பேட்டரி விலை குறைவு. காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டும். லித்தியம் விலை கூட, அந்த வேலை கிடையாது. பேட்டரி ஸ்கூட்டர் எரிந்த வீடியோவை நினைத்துக் கேட்டேன். இது லேசுல தீப்பிடிக்காத ரகமுங்க என்றார். லேசுல என்ற சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

லித்தியமே சொல்லிவிட்டேன். வெளிச்சுவரில், சாரல் படாத இடத்தில், புதன்கிழமை மாட்டுகிறார்கள். மெஷினும் ஒரு பல்பும் மட்டும் அதில் ஓடும். டிவியையும் சேத்துச் சொல்லு புள்ள, சும்மா மூச்சு மட்டும் உட்டுக்கிட்டுக் கெடக்கறதா என்கிறார் அப்பா. முழுச் சார்ஜில் பதினாலு மணி நேரம் தாங்குமாம். பனி மூடினால் பேனல் பாதிகூடத் தராது. பதினைந்தாவது மணி நேரத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

அங்கப்பன் பேட்டரி இப்போது வராந்தாவில் இருக்கிறது. அடுப்படியில் ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று நாளாகத் தீக்குச்சியை உரசக் கை வரவில்லை. சாப்பாடு அங்கப்பன் வீட்டிலிருந்து வருகிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் சாமி. நூறு வருஷம் நல்லா இரு. அப்பாவிடம் விறகு ஈரம், அதனால்தான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர் போனில் கேட்டால் நீயும் அதையே சொல்.

உன் அம்மா
சிவசக்தி