ரயிலேறாமல் கோவென்ட்ரிக்கு

அன்புள்ள வினிஃப்ரெட்,

நான் நலம். உன் இருமல் தேவலையா?

என்னைக் கோவென்ட்ரிக்கு அனுப்பிவிட்டார்கள். பயப்படாதே, அதே டெர்பி, அதே பட்டறைதான். ஒருவனோடு யாரும் பேசக்கூடாது என்று ஒதுக்கிவைத்தால், இங்கே அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். வேலைநிறுத்தத்தன்று நான் மட்டும் உள்ளே போனேன். கிறிஸ்துமஸுக்கு உன்னிடம் வர லீவு கிடைக்காதோ என்ற பயம். போயிருக்கக் கூடாது.

நேற்று கூட்டாளி கிளெம், கையிலிருந்த சுத்தியலைப் பார்த்து, "ஏய் சுத்தியலே, அவன்கிட்ட கதவைச் சாத்தச் சொல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது.

கேன்டீன் அம்மாள் மட்டும், "சர்க்கரை போடட்டுமா கண்ணு?" என்கிறாள். எனக்குத்தான் சர்க்கரை ஆகாதே. வேண்டாமென்றால் நாளைக்குக் கேட்கமாட்டாள் என்று தினமும் போடச் சொல்கிறேன்.

சங்கு ஊதிவிட்டது.

உன் சேத்