மார்கழிக்கு மட்டும் நடை

டிச. 16, சனி

குளிர் இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டி. இட்லி மாவு புளிக்கமாட்டேன் என்கிறது.

வாங்க: இஞ்சி, பாசிப்பருப்பு, வாஸ்லின், நித்யாவுக்கு ஸ்கூல் ஸ்வெட்டர் (பழையது முழங்கையில் நிற்கிறது).

இன்று எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். போன மாதம் டாக்டரம்மா சொன்னது: சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் வேகமாக நடக்கணும், ஜனவரியில் திரும்பப் பார்க்கலாம், குறையாவிட்டால் மாத்திரை. அன்றைக்கே இவரிடம் சொன்னேன், விடிகாலையில் நடக்கப் போகிறேன் என்று. எனக்கு வேறு எந்த நேரம் இருக்கிறது? பால் வந்த பிறகு நான் அடுப்புக்குச் சொந்தம். இவர் பதில்: "இந்தக் குளிர்லயா? இருட்டுல ரோட்டுல என்னத்துக்குப் போறே? சங்கிலிய அறுத்துட்டுப் போயிருவான். வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே. வேணும்னா சாயங்காலம் மொட்டை மாடில நட."

மொட்டை மாடியில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டி, கொடி முழுக்க எல்லார் வீட்டுத் துணி, டிஷ் ஆன்டெனா. நடக்க இடமில்லை. குனிந்து போக இடமுண்டு.

இவர் ஆபீசில் ஜிம் இருக்கிறது. ஓடுகிற மெஷின், ஏசி, துவைத்து மடித்த டவல். எல்லாம் கம்பெனி கொடுக்கிறது. ஹைடெக் சிட்டி ஆபீசில் இருக்கிறவர்களுக்கு உடம்பு உண்டு. ஹப்சிகுடா வீட்டில் இருக்கிறவளுக்கு வீட்டு வேலை உண்டு.

சரி, தொலையட்டும் என்று விட்டிருந்தேன். இன்று சாப்பிடும்போது திருநெல்வேலியிலிருந்து அத்தை போன். நாளைக்கு மார்கழி பிறக்கிறது, பக்கத்தில் கோயில் இருக்கிறதல்லவா, உமாவை விடிகாலைப் பூஜைக்குப் போகச் சொல்லு என்று. இவர் உடனே, "அதுக்கென்னம்மா, போயிட்டு வரட்டும்." போனை வைத்ததும் என் செல்லை எடுத்து அலாரம் வைத்தார். அவரே!

அதே இருட்டு. அதே குளிர். அதே ரோடு. கோயிலுக்குப் போகிறவளைக் கண்டால் சங்கிலி அறுக்கிறவன் கும்பிடு போட்டு வழி விடுவானா?

டிச. 17, ஞாயிறு. மார்கழி 1

எழுந்தேன். வெந்நீர், சேலை, சால்வை, செருப்பு. கையில் பிரசாதத்துக்கு எவர்சில்வர் டப்பா.

தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள். குனிந்து தெலுங்கு 'முக்கு' போடுகிறார்கள். நம்மூர்க் கோலம்தான், இன்னும் பெரிது, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. வாயிலிருந்து புகை வருகிற குளிரில் அவர்களும்தான் வெளியே நிற்கிறார்கள். ஆனால் கேட்டுக்கு வெளியே நாலடி. அதுவரைக்கும்தான் ஊர் விடும்.

முனை திரும்பும்போது ஸ்டெல்லா அக்கா. அடுத்த பில்டிங்கில் கீழ்வீடு. பிறந்து வளர்ந்ததே செகந்திராபாத், ஸ்கூல் ஆபீசில் வேலை. குளிரோ மழையோ தினம் நடக்கிறவர். டாக்டரம்மா சொன்னதை அவரிடமும் புலம்பியிருந்தேன். சல்வார், மேலே வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்றும் ஒரே வாயில்.

"எங்கம்மா, இவ்ளோ காலைல?"

"கோயிலுக்கு."

"பூஜை எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவ்ளோ நேரம் உக்காரப் போறியா? டாக்டர் உன்னை நடக்கச் சொன்னாங்க, உக்காரச் சொல்லல. நீ என்கூட வா. கோயிலுக்குத்தான் போறே, கொஞ்சம் சுத்திப் போறே, அவ்ளோதான்."

போனேன். ஆராய்ச்சி நிலையத்து நீளச் சுவர் ஓரமாகத் தார்நாகா பக்கம் போய்த் திரும்பினோம். செருப்பு கடித்தது. மூச்சு வாங்கியது. காது ஜில்லென்று மரத்து, பிறகு சூடாகிவிட்டது. கடைசியில் கோயில் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, டப்பாவில் பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவர் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, "நெய்யி ஒழுகுது. நாளைக்கும் வாங்கிட்டு வா."

டிச. 18, திங்கள்

ஷூ வாங்கிவிட்டேன். அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில். வெள்ளைக் கேன்வாஸ். வீட்டில் வைக்க முடியாது, ஷூ போட்டுக்கொண்டு எவள் கோயிலுக்குப் போவாள்? ஸ்டெ. அக்கா வீட்டில் வைத்தாயிற்று. அவர் ஹாலில் கிறிஸ்துமஸ் மரம், கீழே ஜிகினாத்தாள் சுற்றிய பரிசுப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் என் ஷூ.

"ஏசப்பா கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

செருப்பில் கிளம்பி, ஷூவுக்கு மாறி, நடந்து, செருப்புக்கு மாறி, பொங்கல் வாங்கி, வீடு. திருட்டுக்குப் போகிறவனுக்குக்கூட இத்தனை வேலை இருக்காது.

சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பு வரவில்லை. நாற்பது வயதை நெருங்குகிறவள் தன் காலைத் தூக்கி வைக்க ஒளிந்து மாற வேண்டியிருக்கிறது.

டிச. 22, வெள்ளி

கடும் குளிர். நித்யா ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து, "மம்மி, லைட் ஆஃப் ப்ளீஸ்." அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் வேறு மொழியில் வரும்.

அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தேன். கால் வலி. ஒரு நாள் போகாவிட்டால் என்ன? டாக்டரம்மா கேமரா வைத்தா பார்க்கிறார்? கண் சொருகுகிற நேரம் இவர் பக்கத்திலிருந்து, "போகலையா? பேசாமப் படு. குளிருக்கு இதமாப் படுத்துக்கோ. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அன்பாகத்தான் சொன்னார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சால்வையை எடுத்தேன். சாமி கோபித்துக்கொள்ளாதாம். என் சர்க்கரை கோபித்துக்கொள்ளுமே, அது இவர் நினைப்பிலேயே இல்லை. டாக்டரம்மா சொன்னது எல்லாமே மறந்துவிட்டது.

பத்திரிகையில் போட்டிருந்தார்கள், குளிர்காலத்தில் உடற்பயிற்சிக்கு உற்சாகம் குறையாமல் இருக்க நல்ல இசை கேளுங்கள், தோழிகளோடு செல்லுங்கள், பிடித்த நிறத்தில் உடை அணியுங்கள் என்று. எனக்கு இசையும் வேண்டாம், நிறமும் வேண்டாம். இவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், தார்நாகா வரை ஓடுவேன்.

டிச. 25, திங்கள்

ஸ்டெ. அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டார். ஷூவை முந்தின நாளே மாடிப்படி அடியில் வைத்திருந்தார். தனியாக நடந்தேன். பனி. ஒரு லாரி, பால்காரர்கள், தலையில் செம்பு வைத்துக்கொண்டு பாடிவருகிற ஹரிதாசர். வழியில் பூங்கா பெஞ்சில் வழக்கமான நாலு பெரியவர்கள். ஒருவர் சத்தமாகவே, "அகேலி?" என்றார். ஆமாம் தாத்தா, தனியாகத்தான். நீங்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் ஒருத்தி நடக்கிறேன். சொல்லவில்லை. மனதில் சொன்னது வீடு வரும் வரை ஓடியது.

மத்தியானம் அக்கா வீட்டிலிருந்து பிளம் கேக். ஒரு விள்ளல் மட்டும். மீதியை நித்யா முடித்தாள்.

ஜன. 1, திங்கள்

இதை எழுதுவதே ஆத்திரத்தில்.

இவருக்கு லீவு. நான் சால்வையை எடுக்கும்போது இவரும் எழுந்து, "புது வருசம் அதுவுமா நாங்களும் வாரோம். நித்யா, எந்திரி." காரில் போனோம். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கோயிலுக்குள் கும்பல். பூஜை முடிந்து பிரசாத வரிசை. மடப்பள்ளி மாமி, நல்லவர், தினம் என் டப்பாவில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறவர், என்னைப் பார்த்து முகம் மலர்ந்து: "அடடே! இன்னிக்குத்தான் உள்ளேயே வந்திருக்கே! தினம் வாசலோட போயிடுவியே. வேர்த்து விறுவிறுத்துண்டு வருவா சார், ஏதோ ஓட்டப் பந்தயத்துலேர்ந்து வர்ற மாதிரி."

இவர் மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொன்னையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும்:

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு எங்க போனே?"

"நடக்க. ஸ்டெல்லா அக்காகூட."

"சாமி பேரச் சொல்லி ஏமாத்திருக்கே."

"நடக்கப் போறேன்னு சொன்னேன்லா, விட்டீங்களா?"

"நான் என்ன, போகவே கூடாதுன்னா சொன்னேன்? இருட்டா இருக்கு, பாத்துச் செய்யின்னேன்."

"கோயிலுக்குப் போகும்போது இருட்டு இல்லையா?"

"அது வேற."

"என்ன வேற?"

நித்யா டிவி முன்னால் உட்கார்ந்து தொன்னைப் பொங்கலைத் தின்றுகொண்டே, திரும்பாமல், "டாடி, ஜிம்முக்குப் போறப்ப நீ டெம்பிள்னு சொல்லிட்டா போற?" என்றாள். தமிழில்! அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இவர் அவளை அதட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜன. 2, செவ்வாய்

போனேன். இவர் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்: "மார்கழி முடியுத வரைக்கும் போ. அம்மாட்ட சொல்லியாச்சு, நடுவுல நிறுத்தினா அசிங்கம். அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? தை பிறந்தால் என் கால் முடங்கிவிடுமா?

ஜன. 11, வியாழன்

நேற்று டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன். இன்று டாக்டரம்மா. சர்க்கரை இறங்கிவிட்டது! மாத்திரை வேண்டாம். "நடையை மட்டும் விட்றாதீங்க. விட்டா திரும்ப ஏறும்."

ஆட்டோ பிடிக்காமல் வீடு வரை நடந்தே வந்தேன். மத்தியான வெயில் இதமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் உடம்பு எனக்குப் பிடித்திருந்தது.

இவரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம், பொய் சொல்லக்கூடாது. உடனே ஊருக்குப் போன் போட்டார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். காதில் விழுகிறது:

"ஆமாம்மா, எறங்கிட்டு. மார்கழி பூராவும் கோயிலுக்குப் போனாள்லா, அதான். சாமி கண்ணத் தொறந்துட்டாரு."

தோசை கருகியது. எடுக்கவில்லை.

எல்லாம் தெரிந்தவர்! பனியில் மூச்சு வாங்கியது நான். குதிகால் வெடித்தது எனக்கு. நாய் துரத்தியது என்னை. ஒரு மாத நடை போய், கடைசியில் என் கால் செய்த வேலைக்குப் பெயர் வாங்கினது கோயில். சாமி மீது எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டாரா?

ஜன. 13, சனி

ஸ்டெ. அக்காவிடம் கொட்டினேன். அவருக்குச் சிரிப்பு.

"எதுக்கு இவ்ளோ டென்ஷன்? யாரு பேர்ல போனா என்ன, சுகர் எறங்குச்சா இல்லையா?"

"எறங்குச்சு. ஆனா..."

"ஆனா எல்லாம் நக்கோ, வேணாம். நடை கிடைக்குதுல்ல, அதைப் பாரு."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவர் ஒரு நாளும் ஷூவை ஒளித்து வைத்தவர் இல்லை.

ஜன. 15, திங்கள். பொங்கல்

பால்கனியில் வைத்த ஸ்டவ்வில் பால் பொங்கியது. மேலே முழுக்கப் பட்டம். மாடிக்கு மாடி பாட்டு. கரும்பு மோண்டா மார்க்கெட்டிலிருந்து இவரே தூக்கி வந்தார்.

சாப்பிட்டபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்த களை.

"அம்மா என்ன சொல்லுதான்னா, மார்கழியோட நிறுத்த வேண்டாமாம். உனக்குச் சாமி நல்லது செஞ்சிருக்காரு, தினமுமே கோயிலுக்குப் போகட்டும்னுட்டா."

"சரி."

"அதனால நீ பாட்டுக்கு நட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெளிய கோயிலுக்குன்னே சொல்லிக்கிடுவோம். உனக்கும் நடை ஆச்சு, அம்மாவுக்கும் திருப்தி, நாலு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. என்ன?"

கேட்டது கிடைத்துவிட்டது. வருஷம் முழுக்க. தலையை ஆட்டினால் போதும். இவர் முகத்தைப் பார்த்தேன், எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார்.

சாயங்காலம் ஸ்டெ. அக்கா வீட்டுக்குப் பொங்கல் கொண்டுபோனேன். திரும்பும்போது கையில் ஷூ. மூடாமல், பையில் போடாமல். வாட்ச்மேன் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜன. 16, செவ்வாய்

அலாரம் வைக்கவில்லை. தானாக விழிப்பு வந்தது. பனி.

ஹாலில் லைட்டைப் போட்டேன். சோபாவில் உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். டப்பா எடுக்கவில்லை. இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். ஷூவைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ளயேவா? படில யாராவது பாத்தா..."

போன் அடித்தது. இந்நேரத்துக்கு ஊரிலிருந்துதான் வரும், மாட்டுப் பொங்கல். நானே எடுத்தேன்.

"ஏட்டி உமா, கோயிலுக்குக் கெளம்பிட்டியா?"

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல்லும்படி.

"இல்ல அத்தே. கோயிலுக்கு இல்ல. நடக்கப் போறேன்."

"நடக்கவா? எங்க?"

"எங்கயும் இல்ல அத்தே. சும்மா ரோட்டுல. உடம்புக்கு. மார்கழி பூராவும் அதான் செஞ்சேன்."

"இருட்டாக் கெடக்குமேட்டி."

"மார்கழிலயும் இருட்டாத்தான் அத்தே கெடந்துது. உங்க பிள்ளைதான் அலாரம் வச்சாவ."

போனை இவர் கையில் கொடுத்தேன். மீதியை அவர் சொல்லிக்கொள்ளட்டும். கதவைத் திறந்தேன், குளிர் முகத்தில் அடித்தது.