நாற்பத்தொன்றில் நிற்கும் கவுண்டர்

4.10.99, திங்கள்

விடியும்போதே மழை. குடை ஆஃபீசில். நனைந்துகொண்டே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில்.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, இன்னொரு குடை.

ஆஃபீசில் புஷ்பா வழக்கம்போல. பிடித்த இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். ஒன்பது பக்கம், அரை மணி நேரம். என் முறையைச் சொன்னேன். புதிதாக எழுதியதன் தலைப்பையும் நாலு வரியையும் சில பக்கக்காரர்கள் தனிக் கோப்பாக வைக்கிறார்கள். அதுதான் ஃபீட். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் காலையில் போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். இரண்டே நிமிடம். வீட்டு ஃபோன் லைனில்தான் இணையம், அதைத் துண்டித்துவிட்டுத் தேத்தண்ணியோடு படிக்கலாம்.

"இதெல்லாம் ரெண்டு மாசத்துல காணாம போயிடும் லா. இனிமே எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொடுக்கிற போர்ட்டல்தான்," என்றாள்.

போர்ட்டல் போகும், இது நிற்கும். தேதி போட்டு எழுதி வைக்கிறேன், பிறகு பார்க்கலாம்.

இன்று தம்பி தினாவின் பக்கத்திலிருந்து (மெல்பர்னில் இருந்து எழுதுகிறான், தமிழை ஆங்கில எழுத்தில்): மீன் குழம்பு வைத்தானாம். கசந்ததாம். ஏன் என்று தெரியவில்லையாம். வெந்தயத்தைக் கருக்கியிருப்பான், கழுதை.

அம்மாவிடம் சொன்னேன். "தினா நல்லா இருக்கானாம் மா. சொந்தமா சமைக்கிறானாம்."

"யாரு சொன்னா?"

"ஆஃபீஸ்ல ஒரு ஃபிரெண்டு."

"அவன் ஏன் நமக்கு ஃபோன் பண்றதில்ல?"

மழுப்பினேன். மூன்று வருடமாக இதே கேள்வி, இதே மழுப்பல்.

5.10, செவ்வாய்

நல்ல வெயில். காலை 6.15, ஃபீட். தினாவின் தலைப்பு: 'கடையை மூடுகிறேன்'.

"வருகிறவர்களை எண்ணும் கவுண்டர் 41. ஜூனிலிருந்து நகரவில்லை. யாரும் படிப்பதில்லை. இந்த மாதக் கடைசியில் பக்கத்தை எடுத்துவிடப் போகிறேன்."

யாரும் படிப்பதில்லையா! ஒரு நாள் விடாமல் படிக்கிறேனே. பல் பிடுங்கியது, வீடு மாறியது, சைக்கிள் தொலைந்தது, எல்லாம் தெரியுமே எனக்கு.

ரயில் சுபாங் தாண்டும்போதுதான் உறைத்தது. கவுண்டர் எண்ணுவது பக்கத்தைத் திறப்பவர்களை. நான் ஃபீடை மட்டும் எடுப்பவள். அவனுடைய நண்பன் விலாசம் கொடுத்த அன்று, ஜூனில், ஒரே ஒரு தடவை பக்கத்தைத் திறந்ததோடு சரி. அந்த நாற்பத்தொன்றாவது ஆளே நான்தான்.

பக்கம் போய்விட்டால் அவனைப் பற்றி ஒரு துப்பும் இருக்காது. காரணமும் நான்தான். அப்பா இறந்தபோது வந்தான். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு இருக்காமல், வேலை என்று மூன்றாம் நாளே ஏறிவிட்டான். அங்கே இறங்கியதும் கூப்பிட்டான். நான் சொன்னது: "இனிமே இந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணாதே." அக்கா சொல் எதையுமே கேட்காதவன், அதை மட்டும் கேட்டுவிட்டான். அம்மாவுக்கு இது தெரியாது.

மாத்திரை வாங்கியாயிற்று. பருப்பு மறந்துவிட்டது.

7.10, வியாழன்

சாப்பாட்டு நேரம். புஷ்பா வெளியே. தினாவின் பக்கத்தைத் திறந்தேன். கவுண்டர் 42. கீழே வந்தவர்கள் எழுத கெஸ்ட் புக். காலி. 'தினா' என்று அடித்தேன். அழித்தேன். 'எப்படி இருக்க' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். மூடிவிட்டேன்.

புஷ்பாவுக்கு வாய் கிழியப் பாடம் எடுத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

8.10, வெள்ளி

ஃபீட்: "42! யாரோ வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். வழி தவறி வந்தவராக இருக்கும்."

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. மேரு பக்கம் போகவேண்டிய லோரிக்கு ஸ்ரீ கெம்பாங்கான் விலாசம் அடித்துக் கொடுத்துவிட்டேன். டிரைவர் அண்ணன் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தார், நல்லவேளை.

சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "நான்தான் மா அவன ஃபோன் பண்ணாதேன்னு சொன்னேன்."

"தெரியும் லா. சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே படுத்திருந்தேன்."

"அப்புறம் ஏன் என்னையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"நீயா சொல்லுவேன்னுதான்."

கீரையைப் பாதி என் பக்கம் தள்ளினார். ஆய்ந்தேன். அழுதேன். அம்மா கண்டுகொள்ளவில்லை.

9.10, சனி

அரை நாள் வேலை. மழை மூட்டம். பருப்பு வாங்கியாயிற்று.

2.30க்கு கம்ப்யூட்டர் முன்னால். கெஸ்ட் புக் பெயர் கேட்டது. அக்கா என்று போட்டேன். எழுதியது இவ்வளவுதான்:

"அடுப்பைக் குறைத்து வெந்தயம் போடு. சிவந்தால் போதும், கருகினால் கசக்கும். 41, 42 இரண்டும் நான்தான். நடுவில் எல்லா நாளும் நான்தான், உன் கவுண்டருக்குத்தான் எண்ணத் தெரியவில்லை. அன்று நான் பேசியது தப்பு. வீட்டுக்கு ஃபோன் பண்ணு."

அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன்.

பிறகு எழுந்திருக்க மனமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபீடை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. 3.00, ஒன்றுமில்லை. 3.20, ஒன்றுமில்லை. ஊரில் இல்லையோ. கோபமோ. இரண்டு நிமிடத்தில் லைனைத் துண்டிப்பவள், இன்று ஒரு மணி நேரத்துக்கு மேலாக விடவில்லை.

3.45, புதுத் தலைப்பு: 'அக்கா'. கீழே ஒரே வரி.

"முக்கால் மணி நேரமாகக் கூப்பிடுகிறேன், எங்கேஜ். முதலில் கம்ப்யூட்டரிலிருந்து லைனை விடு."

வயரையே பிடுங்கிவிட்டேன். ஃபோனில் மாட்டியாயிற்று. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். ஈரக் கையை முந்தானையில் துடைக்கிறார். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

அடிக்கிறது.

"நீங்க எடுங்க மா."