உன் மூன்றும் என் இரண்டும்

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறியதும் பக்கத்தில் இருந்த பெண் எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்தாள். நீ தினமும் கொண்டுவரும் அதே வாசனை வந்ததுமே என் விரல்கள் டிபன் பாக்ஸ் மூடியில் இரண்டு இரண்டாகத் தட்ட ஆரம்பித்துவிட்டன. உன் மூன்று வரவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது, விரலுக்கு யார் சொல்வது?

பெண்கள் பெட்டியில் நம் கச்சேரி பிரசித்தம். நான் மூடியில் தட்டுவேன், நீ பெட்டிச் சுவரில். அதே நேரத்துக்குள் எனக்கு இரண்டு அடி, உனக்கு மூன்று. முதல் அடி மட்டும் சேர்ந்து விழும். மற்றவை ஒன்றின் இடுக்கில் ஒன்று. ஆரம்பத்தில் உன் கையைப் பார்த்துப் பார்த்து நானும் மூன்றுக்குத் தாவிவிடுவேன். நீ தொடையில் கிள்ளுவாய்.

"இன்னாடி, என் கையையே பாத்துகினு கீற? ஜன்னல பாரு. நீ உன்னுத வுடாத, நான் என்னுத வுட மாட்டேன். தனித்தனியா போனாத்தான்டி சேரும்போது ஜோரா இருக்கும்."

அப்படித்தான் ஜன்னலைப் பார்க்கப் பழகினேன். வீட்டிலும் ஆபீஸிலும் எல்லோர் தாளத்துக்கும் ஆடுகிறவள் நான். பல்லாவரம் தாண்டும் வரையிலான அந்தக் கொஞ்ச நேரம்தான் என் தாளம் என்னுடையதாக இருந்தது.

அந்தக் கடைசித் திங்கட்கிழமை உன் அடிகள் மாறி விழுந்தன. ஒன்று தள்ளி, ஒன்று மெலிந்து, நடுவில் ஒன்றைக் காணோம். எனக்கு ஒரே குஷி. புதிதாக ஏதோ பழகி வந்து என்னைச் சோதிக்கிறாய் என்று நினைத்தேன். ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அஞ்சு போடுறியா? கலக்குற போடி!" என்றேன். நீ சிரித்தாய். சிரிப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"ஆமாடி, நீ உன்னுத வுடாத" என்றாய். நான் விடவில்லை.

மறுநாள் நீ வரவில்லை. உன் மகள் போனில் அழுதாள்: "ஆன்ட்டி, அம்மாக்கு ரெண்டு நாளாவே கை மரத்துப்போயிருந்துச்சாம். நேத்து ராத்திரி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. மூளைல ரத்தம் கட்டியிருக்காம்." வியாழக்கிழமை நீ இல்லை.

"முன்னாடியே யாராவது பாத்திருந்தா" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் யார் வாசித்தாலும், ஓர் அடி பிசகினால் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். போன ஞாயிறு சர்ச்சில் தபேலாக்காரரை அப்படிப் பார்த்ததில் மனிதர் மிரண்டே போனார். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

என் இரண்டு போனால் போகட்டும் என்று, அன்று ஒரே ஒரு முறை உன் பக்கம் திரும்பியிருக்கலாமடி.