அறுபத்தாறே முக்கால் கிலோ

மார்ச் 3, திங்கள்

காலை எடை எழுபது. நேற்று ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டதற்கு இந்தத் தண்டனை.

வெல்டர்வெயிட் குத்துச்சண்டைக்காரன் அறுபத்தாறே முக்கால் கிலோவைத் தாண்டக்கூடாது. கடந்த இரண்டு சண்டைக்கும் நான் தாண்டிவிட்டேன். ஏப்ரல் 5 சண்டையை ஏற்பாடு செய்திருப்பவர் போனில் கத்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை கூடினா உங்களை நான் கூப்பிட மாட்டேன். வேற யாரும் கூப்பிடவும் மாட்டாங்க" என்றார். எனக்கு வயது முப்பத்தைந்து. குத்துவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

இதை மனைவியிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். அவள் தம்பி மெத்தைக் கடை வைத்திருக்கிறான், ஆள் தேடுகிறான். "மெத்தை திருப்பி அடிக்காதுங்க" என்பாள்.

மார்ச் 6

வெள்ளரிக்காய். வேகவைத்த முட்டை, மஞ்சள் கரு இல்லாமல். மறுபடி வெள்ளரிக்காய். மாடும் இதைத்தான் தின்கிறது, அது மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

மார்ச் 9

காலை எடை எழுபத்தொன்று.

வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, ஒரு வாரமாக ஓடி, ஒரு கிலோ ஏறியிருக்கிறது. எனக்குப் பயிற்சி கொடுப்பவர் என் மாமனார்தான். கீழே அவருடைய ஜிம், மாடியில் எங்கள் வீடு, குளியலறையில் அந்த எடை மெஷின். முள் வைத்த பழைய மெஷின் அது, அடியில் ஒரு திருகு. மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சில உடம்பு காத்தைக் குடிச்சாலும் ஊதும் மாப்ள. நாளையிலேர்ந்து பிளாஸ்டிக் கோட்டு போட்டுட்டு ஓடு."

மருந்துக்கடை மெஷினில் ஒருமுறை ஏறிப் பார்க்கவா என்று கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். நான் ஜெயித்த சண்டை எல்லாவற்றுக்கும் இந்த மெஷினில்தான் எடை பார்த்தோமாம், வேறு மெஷினில் கால் வைத்தால் ராசி போய்விடுமாம். தோற்ற சண்டைகளுக்கும் இதில்தான் பார்த்தோம், அதை நான் சொல்லவில்லை. கீழே ஜிம்மில் இன்னொரு மெஷின் இருந்தது. ஹெவிவெயிட் ஆள் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து ஷூ மாட்டினார், அன்றோடு சரி.

மார்ச் 13

எழுபத்தொன்றரை. என்னடா இது?

மார்ச் 15

பிளாஸ்டிக் கோட்டு போட்டுக்கொண்டு ஓடினால் தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். பெட்ரோல் பங்க் ஊழியர், "மழை வருமா சார்?" என்று வானத்தைப் பார்த்தார்.

சண்டைக்குப் போடும் சிவப்பு டிராயரைப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் 'இடி' என்று என் பட்டப்பெயர் பின்னியிருக்கும். இடுப்பில் நிற்கவில்லை. போன வருடம்தான் தைத்தது, அதற்குள் இலாஸ்டிக் போய்விட்டது. இந்தக் காலத்தில் எதுதான் உழைக்கிறது?

மனைவி வெள்ளரிக்காய் நறுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளரிக்காய் காரமாம். இருக்கும், அதன்மேல் எனக்கு எந்த நல்லெண்ணமும் இல்லை.

மார்ச் 18

இன்று ஒரு வேலை செய்தேன். மாமா வருவதற்கு முன் மெஷினின் திருகை ஒரு மயிரிழை திருப்பி அரை கிலோ குறைத்து வைத்தேன். ஒரு நாளாவது அவர் திட்டாமல் இருக்கட்டும் என்றுதான். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார்.

மார்ச் 19

எழுபத்திரண்டு. செய்த பாவம் சும்மா விடாது. இனி திருகைத் தொட மாட்டேன்.

மார்ச் 24

கல்யாண மோதிரம் விரலிலிருந்து கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. "வெயிலுக்கு விரியும், தங்கம்தானே" என்றார் மாமா. மனைவி மோதிரத்தைக் கழுவி எடுத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இவ்ளோ பண்ணியும் குறையலன்னா விட்டுடலாமே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சொல்லுவேன்டி. எனக்கு நானே சொல்லிப்பேன், சாவுற வரைக்கும்" என்று கத்தினேன். கத்தியதில் தலை சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு முட்டை கொண்டு வந்தாள். மஞ்சள் கருவோடு. நான் தொடவில்லை. இப்போது எழுதும்போது அந்த மஞ்சள் கருதான் கண்ணில் நிற்கிறது.

மார்ச் 30

கனவில் மெத்தையைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

கிளம்பும்போது வீட்டு மெஷின் அறுபத்தெட்டு காட்டியது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டுதான் எடை பார்க்கும் அரங்கத்துக்குப் போனேன். மனைவியும் கூட வந்தாள். எடை பார்க்கும் நாளில் வழக்கமாக வர மாட்டாள்.

முதலில் எதிராளி ஏறினான். அவனை எல்லோரும் 'ரப்பர்' என்பார்கள், எப்படி அடித்தாலும் எழுந்துவிடுவான். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, எடை குறைய உடுப்பையும் கழற்றி, ஒரு துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மயிரிழையில் தப்பினான். அடுத்து நான். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் அதிகாரி மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"அறுபத்திரண்டரை" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "தம்பி, நீங்க வேற பிரிவுக்கு வந்துட்டீங்களா?"

அரங்கமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை, தன் மகளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். மூவரும் வண்டியில் ஏறினோம்.

"நான் ரெண்டு கிலோ கூட்டி வச்சேன்" என்று மாமா ஆரம்பித்தார். "பயந்து போய் ஒழுங்கா குறைப்பேன்னு. எல்லா கோச்சும் பண்றதுதான் மாப்ள. அப்புறம் அன்னிக்கு நீ திருகைத் தொட்டது தெரிஞ்சுது, அதுக்கும் சேர்த்து இன்னும் ரெண்டு வச்சேன்."

"நீயுமாப்பா?" என்றாள் மனைவி.

அவளும் இரண்டு கிலோ கூட்டி வைத்திருக்கிறாள். அப்பாவும் மகளும் ஒரே திருகை, ஒரே பக்கம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"ஏன்?" என்றேன்.

"முடியாதுன்னு தெரிஞ்சா விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க விடல. சாப்பாட்டைத்தான் விட்டீங்க." அழுதாள். "போன தடவை நீங்க விழுந்தப்ப எண்ணிட்டே இருந்தாங்களே, அதை நான் இன்னொரு தடவை கேக்க மாட்டேன்."

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வழியில் ஒரு ஹோட்டல் வந்துவிட்டது. ஒரு முழுக் கோழி, அப்புறம் அரைக் கோழி, ஒரு ரொட்டி, ஆறு வாழைப்பழம். கோபத்துக்கு வயிற்றில் இடமில்லை.

ஏப்ரல் 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

முதல் மூன்று ரவுண்டு இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தோம். அவனுக்கும் தெம்பில்லை, எனக்கும் குத்தில் கனமில்லை. "சண்டை போடுறீங்களா, சமாதானம் பேசுறீங்களா?" என்றார் நடுவர். கட்டிப் பிடித்திருந்தபோது ரப்பர் என் காதில், "அண்ணே, கோழியா சாப்பிட்டீங்க? வாசனை வருது" என்றான். பாவமாக இருந்தது.

நாலாவது ரவுண்டில் டிராயரின் நாடா அவிழ்ந்தது. மாமா போட்ட இரட்டை முடிச்சு. இடி மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. ரப்பர் பார்த்துவிட்டான், சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு கையையும் இறக்கினான். என் இடது கை தானாகப் போனது. நான் அனுப்பவில்லை, சத்தியமாக. பதினாறு வருடப் பழக்கம்.

அவன் தாடையில் பட்டது. பத்து எண்ணி முடியும்வரை நான் மூலையில், கிளவுஸால் டிராயரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்ததும் ரப்பர் மறுபடி சிரித்தான். நல்ல பையன்.

நடுவர் என் வலது கையைத் தூக்கினார். இடது கை எங்கே இருந்தது என்று நாளைய பேப்பரில் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 9

ஏற்பாட்டாளர் போன் செய்தார். குரலில் தேன். "இத்தனை வருஷம் தப்பான எடையில ஆடிட்டீங்க! கீழ்ப் பிரிவுல பட்டத்துக்குச் சண்டை இருக்கு. அறுபத்து மூணரைக்குள்ள வரணும். வரீங்களா?"

பட்டம். எனக்கு. மாமா கேட்டவுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தடுப்பாள் என்று எதிர்பார்த்து நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ஆசை இருந்தா போங்க. வெள்ளரிக்காய் நானே நறுக்கித் தரேன். மெஷினைத் தொட மாட்டேன்" என்றாள்.

எல்லா ரவுண்டும் போய் நிற்கிறேன், எதிரில் ஆளில்லை. இப்போது யாரை அடிப்பது?

ஜூலை 20, ஞாயிறு

மெத்தைக் கடைக்கு இன்று விடுமுறை. நேற்று ஒரு அம்மா, சுவரில் என் மச்சான் மாட்டியிருக்கும் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் டிராயரைப் பிடிச்சிட்டிருக்கீங்க?" என்றார். சொன்னேன். இரண்டு மெத்தை வாங்கினார். கடைக் கதவின் மணி அடித்தால் இன்னும் என் கை தாடைக்குப் போகிறது. அவள் தடுத்திருந்தால் நான் அந்தச் சண்டைக்குப் போயிருப்பேன்.

காலை எடை எழுபத்துமூன்றரை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் தொடல" என்றாள். கீழேயிருந்து மாமா, "நானும் தொடலப்பா" என்றார். எனக்குத் தெரியும். மோதிரத்தைச் சோப்பு போட்டாலும் கழற்ற முடியவில்லை. சோறு தயார் என்கிறாள், போகிறேன்.